படுத்தால் கூடும் குறுக்குவலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் இடுப்புவலி என்று சொல்பவர்கள் குறைவு. எங்களுக்கு அது குறுக்குவலி. "குறுக்கு வலிக்கி" என்று வாயைத் திறந்தால் போதும், "நாலு நாள் ரெஸ்ட் எடுல, சரியாப் போயிரும்" என்பார்கள். மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட வலிக்கு அது சரிதான். ஆனால் ஓய்வெடுக்க எடுக்கக் கூடுகிற குறுக்குவலி ஒன்று இருக்கிறது. எனக்கு அது 23 வயதில் வந்தது, அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அதன் பெயர் தெரிய 30 ஆகிவிட்டது. நான் டாக்டர் இல்லை, அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். சொந்தக்காரர்களும் அவர்கள் அனுப்பிவைத்தவர்களும் இத்தனை வருடமாக என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. மருந்தின் அளவு எதையும் எழுதவில்லை, அது உங்கள் டாக்டரின் வேலை.

சாதாரண குறுக்குவலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண வலி வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். இது நேர் எதிர். அதிகாலை மூன்று, நாலு மணிக்கு வலியே எழுப்பிவிடும். புரண்டு படுப்பதே பெரிய வேலையாக இருக்கும். எழுந்து திண்ணைக்கும் அடுப்படிக்கும் பத்து நடை நடந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். காலையில் உடம்பு மரக்கட்டை மாதிரி இருக்கும். அந்த இறுக்கம் தளர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், சிலருக்குப் பத்து மணி வரைக்கும் இழுக்கும். நானெல்லாம் குனிந்து செருப்பு வார் மாட்ட முடியாமல் வாரில்லாத செருப்புக்கு மாறியவன். மதியத்துக்குமேல் பார்த்தால் ஒன்றுமே இல்லாத ஆள்போல நடமாடுவேன். அதனால்தான் வீட்டில், "காலைல வேல சொன்னா மட்டும் வலிக்கும் இவனுக்கு" என்று பெயர் வாங்கினேன்.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. 45 வயதுக்குள் தொடங்கும், பெரும்பாலும் இருபதுகளில். ஒரே நாளில் பிடித்துக்கொள்ளாமல் மெல்ல மெல்ல வரும், மூன்று மாதத்தைத் தாண்டியும் போகாது. பிட்டத்தில் ஒரு வாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம் என்று மாறி மாறி வலிக்கும். குதிங்காலும் வலிக்கலாம். இதில் மூன்று நான்கு உங்களுக்குப் பொருந்தினால் மேலே படியுங்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பின் மூட்டுகள் மேலேயே பாய்கிறது. முதுகெலும்பின் அடிப்பக்கம் இடுப்பெலும்போடு சேருமிடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டு இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தசைநாண் எலும்பில் வந்து ஒட்டும் இடங்களிலும் அழற்சி வரும், குதிங்கால் வலிக்குக் காரணம் அதுதான். அழற்சி ஆறுகிற இடத்தில் உடம்பு புது எலும்பை வளர்க்கப் பார்க்கும். கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு மூங்கில்போல ஒரே துண்டாகிவிடலாம். எல்லாருக்கும் அந்த அளவுக்குப் போவதில்லை.

இதற்கு அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். எக்ஸ்ரேயில் இன்னும் தெரியாத ஆரம்ப நிலையையும் சேர்த்து ஆக்ஸியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் என்று இப்போது சொல்கிறார்கள்.

எங்கள் மாமாவுக்கும் கழுத்தில் ஸ்பாண்டிலைட்டிஸ்தான். அதுவும் இதுவும் ஒன்றா?

அநேகமாக இல்லை. நம் ஊரில் கழுத்துப்பட்டை போட்ட எல்லாரும் "எனக்கு ஸ்பாண்டிலைட்டிஸ்" என்பார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது ஸ்பாண்டிலோசிஸ், அதாவது வயதாக ஆக எலும்பும் டிஸ்கும் தேய்வது. தேய்மானம் வேறு, அழற்சி வேறு. ஓரிரு எழுத்துக் குழப்பம்தானே என்று விட முடியாது. மாமாவுக்குச் சொன்ன ஓய்வை நீங்கள் எடுத்தால் உங்களுக்குக் கெடுதல்.

முடக்குவாதம் என்பது இதுதானா?

முடக்குவாதம் என்று சொல்லப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் இதற்குப் பங்காளி. அது பெண்களுக்கு அதிகம் வரும். இரண்டு கைகளிலும் விரல் கணுக்களும் மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்கும். கழுத்தைத் தொடலாம், அடிமுதுகைப் பொதுவாகத் தொடாது.

இன்னும் சில பங்காளிகள் இருக்கிறார்கள். தோலில் சொரியாசிஸ் இருப்பவர்களில் சிலருக்கு மூட்டும் முதுகும் பாதிக்கும். அவர்களுக்கு ஒரு விரல் முழுக்கத் தடித்துப் போவதும் நகத்தில் குழி விழுவதும் அடையாளம். வயிற்றுப்போக்கோ சிறுநீர்த் தொற்றோ வந்து போன சில வாரத்தில் முட்டி வீங்கினால் அது இன்னொரு வகை. குடல் அழற்சி நோயோடு சேர்ந்து வருவதும் உண்டு. அதனால் டாக்டர் குறுக்குவலிக்கு வந்தவரிடம் தோல், வயிறு, கண் என்று விசாரித்தால் எரிச்சல்படாதீர்கள். அப்படிக் கேட்பவர் விஷயம் தெரிந்தவர்.

பீடி சுற்றுவதால் வந்ததா?

இந்தக் கேள்வியை ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்துப் பெண்கள்தான் கேட்பார்கள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு இலை, தூள், நூல் என்று காலையிலிருந்து குனிந்தே இருப்பவர்களுக்குக் குறுக்கு வலிக்காமல் எப்படி இருக்கும்? அந்த வலி உண்மை. ஆனால் இந்த நோயைப் பீடி சுற்றுவது உண்டாக்குவதில்லை.

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. 28 வயதுப் பெண் குறுக்குவலி என்று போய் நின்றால், "பீடி சுத்துதியா? அப்ப வலிக்கத்தான் செய்யும்" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைப்பேற்றுக்கு முதுகில் போட்ட ஊசிமேல் பழி போடுவது இன்னொரு வழக்கம். இது ஆண்களின் நோய் என்று பாடப்புத்தகத்திலேயே வெகுகாலம் இருந்தது. ஆரம்ப நிலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கிட்டத்தட்டச் சமமாகவே இருக்கிறது, பெண்களுக்குக் கண்டுபிடிப்பதுதான் இன்னும் தாமதமாகிறது என்று இப்போது தெரிகிறது.

அப்படிப் போகிறவர்கள் டாக்டரிடம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். "சுளகை எடுத்து வைத்துவிட்டுப் படுத்த பிறகுதான் வலி கூடுகிறது, எழுந்து நடந்தால் குறைகிறது." இது கேட்பவரை ஒரு நிமிடம் நிமிர வைக்கும். நோய் உறுதியான பிறகும் வேலையை விட முடியாது என்பது எனக்குத் தெரியும். அரை மணிக்கு ஒருதடவை சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து, சுவரில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நில்லுங்கள். அன்றைக்குச் சுற்றும் பீடிக் கட்டு குறையும்தான், என்ன செய்ய.

என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? எச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவ் வந்தால் நோய் உறுதியா?

உறுதி இல்லை. அந்த மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1973இல் கண்டுபிடித்தார்கள். நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்கும். ஆனால் அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காத ஒரு பையனை எனக்குத் தெரியும், அவனுக்குக் குறுக்குவலியே கிடையாது. நெகட்டிவ் வந்தும் நோய் இருப்பவர்கள் உண்டு.

ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள். இந்த நோயில் பலருக்கு அவையும் நார்மலாகவே இருக்கும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியச் சில வருடம் பிடிக்கும். ஆரம்பத்திலேயே காட்டக்கூடியது எம்.ஆர்.ஐ. அதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். முதுகை மட்டும் எடுத்தால் பயனில்லை, முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் அந்த இரண்டு மூட்டுகளையும் (சாக்ரோஇலியாக் மூட்டுகள்) சேர்த்து எடுக்க வேண்டும். எனக்கு முதலில் முதுகை மட்டும் எடுத்து, டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று சொல்லிப் பெல்ட் போட்டு ஆறு வாரம் படுக்க வைத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லி இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த ஆறு வாரம்தான் என் வாழ்க்கையிலேயே மோசமான ஆறு வாரம்.

கண் சிவந்தால் உடனே டாக்டரிடம் ஓடச் சொல்லி ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

இந்த நோய் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்காவது எப்போதாவது கண்ணுக்குள் அழற்சி வரும். ஒரு கண் மட்டும் சிவந்து, உள்ளே வலித்து, வெளிச்சம் பார்த்தால் கூசும், பார்வை மங்கும். மெட்ராஸ் ஐ மாதிரி பீளை தள்ளாது. தாய்ப்பால் விடுவது, மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்குவது எதுவும் வேண்டாம். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளாவது கண் டாக்டரிடம் போங்கள். "எனக்கு முதுகில் இந்த நோய் இருக்கிறது" என்பதையும் சொல்லுங்கள். தள்ளிப்போட்டால் பார்வைக்கே சேதம். சிலருக்குக் கண்ணில் வந்த பிறகுதான் முதுகு நோயே தெரியவருகிறது.

மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?

முதல் மருந்தே வலி, வீக்க மாத்திரைதான். நாப்ராக்ஸன், இண்டோமெத்தசின், எட்டோரிகாக்சிப் போன்றவை. இந்த நோயில் அது வெறும் வலிமறப்பு இல்லை, அழற்சியையே குறைக்கிறது. சிலருக்கு இரண்டாம் நாளே, "இவ்வளவு நாள் எங்கே இருந்தாய்" என்று கேட்கத் தோன்றும். ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்றுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். வயிற்றுப் புண், ரத்தக் கொதிப்பு, கிட்னி ஆகியவற்றைப் பாதிக்கலாம் என்பது உண்மைதான். அதனால்தான் சாப்பிட்ட பிறகு போட வேண்டும், அவ்வப்போது கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடுவது ஒன்று, பயந்துகொண்டே மெடிக்கலில் வாங்கி விழுங்குவது வேறொன்று.

மெடிக்கலில் நாலைந்து மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்களே, அதைத் தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் வாய்ப்பு அதிகம். சாப்பிட்ட அன்று ஆள் பறப்பான், மாதக்கணக்கில் போனால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு பொடியும். முதுகுப் பிரச்சினைக்கு ஸ்டீராய்டு மாத்திரை பெரிதாக உதவுவதும் இல்லை. சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்சேட் என்று ஸ்டீராய்டு அல்லாத வேறு இரண்டு மருந்துகள் உண்டு, அவை கை, கால் மூட்டு வீங்கியவர்களுக்குத்தான் பலன் தரும்.

ஊசி என்கிறார்களே, அது எப்போது? விலை எவ்வளவு?

இரண்டு வகை வலி மாத்திரை பார்த்தும் அடங்காவிட்டால் பயாலஜிக் என்னும் ஊசி. அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தடுக்கும். அடலிமுமாப், எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் ஒரு வகை, செகுகினுமாப் இன்னொரு வகை. டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் வந்துவிட்டன. அவை இதய நோய் உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அவ்வளவு உகந்தவை அல்ல, அக்கி வரும் வாய்ப்பையும் கூட்டும். அக்கி வந்தால் காவி எழுதப் போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

ஒரு காலத்தில் இந்த ஊசி பணக்காரர் சமாச்சாரம். அடலிமுமாப்பின் முதல் மாற்றுத் தயாரிப்பே 2014இல் இந்தியக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்ததுதான். அதற்குப் பிறகு விலை நன்றாக இறங்கியிருக்கிறது. இருந்தாலும் கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கு இன்னும் சுமைதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு கவுண்டரில் முதலிலேயே விசாரியுங்கள். நன்றாகக் கட்டுக்குள் வந்த பிறகு, ஊசிக்கு ஊசி இடைவெளியைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஊசிக்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பலரின் உடம்பில் காசக்கிருமி சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும், இந்த ஊசி அதை எழுப்பிவிடலாம். மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டையும் சோதிப்பார்கள். ஊசி போட்டுக்கொள்ளும் காலத்தில் காய்ச்சல் வந்தால் அடுத்த ஊசியை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள்.

உடற்பயிற்சியா? வலிக்கும்போது எப்படி?

எனக்கு மருந்து பாதி என்றால் இதுதான் மறுபாதி. காலையில் வெந்நீரில் குளித்துவிட்டுச் செய்தால் உடம்பு இடம் கொடுக்கும். பெரிய வித்தை எதுவும் வேண்டாம். தினமும் பதினைந்து நிமிடம் குப்புறப் படுத்திருங்கள், முதுகு முன்னால் வளையாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. மூச்சை நன்றாக இழுத்து நெஞ்சுக்கூட்டை விரியுங்கள். இந்த நோய் விலா மூட்டுகளையும் இறுக்கும். குதிங்காலும் பிட்டமும் சுவரில் ஒட்ட நின்று, பின்னந்தலை சுவரைத் தொடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தொடாமல் இடைவெளி விழ ஆரம்பித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. தலையணை மெலிதாக இருக்கட்டும். கொழகொழ மெத்தையைவிடக் கெட்டியான பஞ்சு மெத்தை நல்லது. பத்தமடைப் பாயில் தரையில் படுப்பது சுகம்தான், ஆனால் விடிகாலையில் தரையிலிருந்து எழுந்திருப்பது தனிப் பாடு.

நீச்சலுக்கு ஈடு எதுவும் இல்லை. இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள், தாமிரபரணி இருக்கிறது. எங்கள் ஊர்ப் படித்துறையில் மல்லாந்து நீந்தித்தான் என் தோளும் நெஞ்சும் திரும்ப விரிந்தன. திருநெல்வேலி டவுனில் இருக்கும் நண்பர் ஒருவர் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போகிறார். குறுக்குவலிக்குக் குறுக்குத்துறை என்று அவருக்கு அதில் ஒரு பெருமை. வெள்ளம் போகும் நாளில் மட்டும் ஆற்றுப்பக்கம் போக வேண்டாம்.

குற்றால அருவியில் நின்றால் சரியாகும் என்கிறார்கள். மசாஜ், வர்மம், காலில் பிறந்தவரை மிதிக்கச் சொல்வது?

சாரல் காலத்தில் போங்கள், சுகமாக இருக்கும். ஆனால் பல வருடம் நோய் இருந்து முதுகோ கழுத்தோ ஒட்டிப்போனவர்கள் மெயின் அருவிக்கு அடியில் கழுத்தைக் கொடுக்கக் கூடாது. ஒட்டிய முதுகெலும்பு பார்க்கக் கெட்டி, உள்ளே எலும்பு பலவீனம். சாதாரண ஆள் தட்டிவிட்டு எழுந்து போகிற வழுக்கலில் இவர்களுக்கு முறிந்துவிடும். ஓரமாக, தண்ணீர் சிதறும் இடத்தில் நில்லுங்கள்.

எண்ணெய் தேய்த்து மெல்ல நீவிவிடுவதில் தப்பில்லை. கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று சொடுக்குவது, முதுகில் ஏறி மிதிப்பது, நரம்பைத் தட்டிவிடுகிறேன் என்று இழுப்பது எல்லாம் இந்த நோயில் ஆபத்து. காலில் பிறந்த சித்தப்பா ஒருவர் எங்கள் வீட்டிலும் இருந்தார், பிடிப்பு என்றால் தெருவே அவரைத் தேடி வரும். என்னையும் மிதித்தார். அன்பாகத்தான் மிதித்தார்.

சித்த மருந்து சாப்பிடலாமா? புளி, தயிர், கத்தரிக்காய் ஆகாதா?

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே படித்த மருத்துவரிடம் போவது உங்கள் விருப்பம். இரண்டு மருத்துவர்களிடமும் மற்றவர் கொடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் பொடியை மட்டும் வேண்டாம் என்பேன். முடக்கத்தான் தோசை எனக்குப் பிடிக்கும், வாரம் ஒருநாள் சாப்பிடுகிறேன், அதற்காக ஊசியை நிறுத்தவில்லை.

இன்னதைச் சாப்பிட்டால் இந்த நோய் வரும், இன்னதை விட்டால் போகும் என்று உறுதியாகச் சொல்ல எந்த உணவும் இல்லை. "வாயு" என்று பயந்து பருப்பையும் தயிரையும் ஒதுக்கியவர்கள் மெலிந்ததுதான் மிச்சம். யூரிக் ஆசிட் பார்ப்பது கவுட் என்னும் வேறு மூட்டு நோய்க்கான கணக்கு. எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வைட்டமின் டி குறைவா என்று சோதியுங்கள்.

பீடி, சிகரெட்?

விட்டுவிடுங்கள். முதுகு ஒட்டுவதை அது வேகப்படுத்துகிறது.

கல்யாணம் பேசுகிறார்கள். சொல்ல வேண்டுமா? பிள்ளைக்கு வருமா?

சொல்லுங்கள். மறைத்துவிட்டு விடிகாலை நாலு மணிக்கு வராண்டாவில் நடப்பதை எத்தனை நாள் மறைக்க முடியும்? என் மனைவியிடம் பெண் பார்க்கப் போன அன்றே சொன்னேன். "நடந்தாச் சரியாவும்னா நடந்திட்டுப் போங்க" என்றாள்.

பி27 உள்ள நோயாளியின் பிள்ளைக்கு அந்த மரபணு போக வாய்ப்பு பாதிக்குப் பாதி. போனாலும் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் நோய் வரும். குழந்தைக்கு முன்கூட்டியே டெஸ்ட் எடுத்து வைக்கத் தேவையில்லை. பிள்ளை பெறுவதற்கு இந்த நோய் தடையும் இல்லை. திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டை முன்னதாகவே நிறுத்த வேண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. சல்ஃபாசலசின் ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைக்கும், நிறுத்தினால் சரியாகிவிடும். இந்த விவரம் தெரியாமல் வீணாகப் பெண்ணைக் குறைசொன்ன வீடு எனக்குத் தெரியும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனால், தொடையின் உள்பக்கம் மரத்தால், கால் பலமிழந்துபோனால் ஓடுங்கள். நீண்ட நாள் நோயாளி கீழே விழுந்த பிறகு புதுவிதமாக வலித்தால், லேசான விழுதல்தானே என்று விடாமல் ஓடுங்கள். எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போகலாம், சி.டி. ஸ்கேன் கேளுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை இறக்கம், இரவு வியர்வையோடு முதுகுவலி என்றால் காசநோய் முதுகெலும்பில் வந்திருக்கலாம், அதையும் தள்ளிப்போடக் கூடாது.

எந்த டாக்டரிடம் போவது?

ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு அழற்சி நோய்களுக்கான டாக்டர், என்று கேட்டுப் போங்கள். எலும்பு டாக்டரும் இவரும் வேறு. அரசு ஆஸ்பத்திரி என்றால் ஹைகிரவுண்டில், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், மெடிசின் ஓ.பி.யில் தொடங்கலாம். மதுரை, சென்னை அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: வலி எந்த வயதில் தொடங்கியது, இரவில் எத்தனை மணிக்கு எழுப்புகிறது, காலையில் இறுக்கம் எவ்வளவு நேரம், எந்த மாத்திரைக்கு எவ்வளவு குறைந்தது, கண் சிவந்ததுண்டா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா. பழைய எக்ஸ்ரேக்களையும் கொண்டுபோங்கள். முடிந்தால் காலை நேரத்துக்கு டோக்கன் போடுங்கள். சாயங்காலம் போனால் உடம்பு தளர்ந்து, ஒன்றும் இல்லாத ஆள்போல நடந்து உள்ளே போவீர்கள்.